வலது கால் மட்டும்

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. என் கணவரின் அண்ணன் மனைவி அவள். முகத்துக்கு நேரே அக்கா, வாங்க, போங்க எல்லாம் உண்டு. மனதுக்குள் வெறும் அவள்தான். ஆறு வருஷமாக ஒரே வீட்டில் மாடியில் அவர்கள், கீழே நாங்கள். வாசல் ஒன்று, படிக்கட்டு ஒன்று, துணி காயப்போடுகிற கொடி ஒன்று. படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் யார் ஒதுங்குவது என்பதைக் கூட நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சண்டையின் ஆணிவேர் நாற்காலி. அவள் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கவுண்டருக்குப் பின்னால் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி. காலையில் அதில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள், அப்படியே சக்கரத்தில் உருண்டு போய் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு உருண்டு வருவாள். நான் செருப்புக் கடையில், பெண்கள் பிரிவில். எங்கள் கடையிலும் நாற்காலிகள் உண்டு, வாங்க வருகிறவர்களுக்கு. நாங்கள் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். உட்கார்ந்தே தீருவேன் என்றால் வாடிக்கையாளரின் காலடியில் முட்டி போடலாம்.

பத்து மணி நேரம் நின்றால் கால் என்ன ஆகும்? சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது என் கணுக்கால் எலும்பு இருந்த இடம் தெரியாது. செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாக நிரம்பும். நான் கேட்டைத் திறப்பதை மாடியிலிருந்து பார்த்து, தன் புருஷனிடம் ஊருக்கே கேட்கிற குரலில் சொல்வாள், யானைக்கால் வந்தாச்சு என்று. அந்தப் பெயர் பால் போடுகிறவர் வரைக்கும் போய்விட்டது. ஒரு நாள் அவர் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "கால் இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். என்றைக்காவது அவள் கால் வீங்கட்டும், அன்றைக்கு நான் மொட்டை மாடியில் நின்று கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

போன வருஷம் பயந்துபோய் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் இதயத்தைப் பார்த்தார், சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதினார், வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறேனா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. நிற்பதால்தான் வீக்கம் என்றார். வீட்டுக்கு வந்ததும் மல்லாந்து படுத்து, இரண்டு தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி அரை மணி உயர்த்தச் சொன்னார். நிற்கும்போது சும்மா நிற்காமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார். கெண்டைக்கால் சுருங்கி விரிந்தால் ரத்தம் மேலே ஏறுமாம். உப்பைக் குறைக்கச் சொன்னார். படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே மாட்டிக்கொள்ள ஒரு இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"ரெண்டு காலும் ஒண்ணா வீங்கி காலைல வடிஞ்சா நிதானமா பாத்துக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலிச்சு, சூடா இருந்தா ஒரு நாள்கூட வீட்ல வச்சுக்காதீங்க. யாரையும் உருவிவிடவும் சொல்லாதீங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். என் கால் இரண்டும் ஒற்றுமையாக வீங்குகிற கால்கள். அந்த எச்சரிக்கை எனக்கில்லை என்று நினைத்தேன்.

இனி ஷூ விஷயம். கூரியர் அலுவலகத்தில் எல்லோரும் மூடின கறுப்பு ஷூதான் போட வேண்டும் என்று புதிதாக உத்தரவு வந்தது. எங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி இலவசம். இந்த வருஷ ஜோடியை நான் எனக்கென்று மனதில் எடுத்து வைத்திருந்தேன், மெத்தென்ற அடிப்பாகம், அகலமான முன்பக்கம். என் கணவர் மாடியில் காபி குடிக்கப் போன இடத்தில், அண்ணி நீங்க கவலைப்படாதீங்க, நம்ம கடைலயே எடுத்துடலாம் என்று தாரை வார்த்துவிட்டு வந்தார். நம்ம கடையாம். அங்கே நின்று பார்க்கட்டும் ஒரு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அளவு எடுக்க மாடிக்குப் போனேன். அவள் இரண்டு நாளைக்கு முன்புதான் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். பஸ்ஸில் போக பதினாறு மணி நேரம், வர பதினாறு மணி நேரம். ஜன்னலோர சீட் கிடைத்தது, ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் வந்தேன் என்று அதையும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சோபாவில் சாய்ந்து, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், வலது காலை நீட்டினாள். ராணியம்மா தரிசனம் கொடுப்பது மாதிரி.

இங்கே எங்கள் கடை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தட்டில் காட்சிக்கு வைப்பது வலது கால் ஷூ மட்டும். இடது கால் எல்லாம் உள்ளே பெட்டியில் இருக்கும், அப்போதுதான் யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். அதனால் அளப்பதும் வலது கால்தான், போட்டுப் பார்ப்பதும் வலது கால்தான். ஒரு கால், ஒரு நிமிஷம், அடுத்த ஆள் என்பது சூப்பர்வைசரின் மந்திரம். இரண்டு கால் ஒரே அளவில் இருக்கிற மனிதர் குறைவு, பெரிய காலுக்குத்தான் ஷூ எடுக்க வேண்டும், அதுவும் சாயங்காலத்தில் அளக்க வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஆட்களுக்கு அப்படித்தான் அளப்பேன்.

அவளுக்கு அப்படி அளக்கவில்லை. கால் அளக்கும் பலகையை வலது காலுக்கு அடியில் வைத்தேன், அளவைப் படித்தேன், எழுந்துவிட்டேன். இடது காலை அவள் சோபாவுக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள். அதையும் நீட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. மறதியில்லை. அவளுடைய இன்னொரு காலையும் தொட எனக்கு மனசில்லை.

புதன்கிழமை ஷூவைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்தேன். வியாழக்கிழமை காலை அது என் வாசலில் கிடந்தது, ஒன்று நிமிர்ந்தும் ஒன்று குப்புறவும். வேண்டுமென்றே சின்னதாகக் கொடுத்திருக்கிறேனாம். வலது கால் சரியாக இருக்கிறது, இடது கால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது என்று அவள் புருஷன் என் கணவரிடம் சொல்லி, என் கணவர் என்னிடம் வந்து சொன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு ஷூவையும் அடியோடு அடி சேர்த்து வைத்துக் காட்டினேன், ஒரு நூல் வித்தியாசமில்லை. ஒரு காலுக்கு ஆகிறதாம், இன்னொரு காலுக்கு ஆகவில்லையாம், குற்றம் கண்டுபிடிக்கிறவளுக்கு இதுகூடவா கிடைக்காது என்று நான் பேசியது மாடிக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் பேசினேன். பேசிவிட்டு ஷூவைத் திரும்ப மாடிப்படியிலேயே வைத்துவிட்டேன்.

அவள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள் என்பதையும் கவனித்தேன். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். விசாரித்ததில் சுளுக்கு என்று பதில் வந்தது. நானாகக் கேட்கவில்லை, என் கணவர் கேட்டார். சுளுக்கு என்றால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், அவள் ஷூ பெட்டியோடு உள்ளே வந்தாள். என்னைச் சட்டை செய்யவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய், உங்க கடை ஆள் வீட்டுப் பகைல எனக்குக் குறைஞ்ச அளவு குடுத்து ஏமாத்திட்டா என்று ஒரு பிடி பிடித்தாள். நாலு பேர் கையிலிருந்த செருப்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசருக்கு மூக்கு நுனியில் கோபம். வீட்டுச் சண்டையைக் கடைக்குக் கொண்டுவந்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, மேடத்துக்கு அளவு எடு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நான் அவள் முன்னால் முட்டி போட்டேன். ஆறு வருஷத்தில் அவளுக்கு இதைவிட நல்ல நாள் வந்திருக்காது. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு வலது ஷூவை மாட்டினேன், அச்சாகப் பொருந்தியது. பிறகு இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன்.

பத்து வருஷமாகக் கால் பிடிக்கிற கை இது. குளிர்ந்த கால், வியர்த்த கால், நின்று நின்று வீங்கிய கால் எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். இந்தக் கால் சுட்டது. தோல் இழுத்துப் பிடித்து மினுமினுத்தது, கணுக்காலுக்கு மேலே செந்நிறம் ஏறியிருந்தது. அவள் தடுப்பதற்குள் துணியை முழங்காலுக்குக் கீழே வரை தள்ளினேன். இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்து, கெட்டியாக இருந்தது. விரல் பட்டதும் அவள் சுரீரென்று காலை இழுத்துக்கொண்டாள்.

ஒரு கால் மட்டும். சூடு. கெண்டைச் சதையில் வலி. டாக்டரம்மா என் காதருகே நின்று சொல்வது போலிருந்தது.

"அக்கா, எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன்.

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா? அளவு தப்புன்னு ஒத்துக்க முடியல. எனக்கு வியாதி கட்டி விடறா."

எத்தனை நாளாக வலி என்று கேட்டேன். அது உனக்கெதற்கு என்றாள். ஊருக்குப் போய் வந்ததிலிருந்தா என்று கேட்டேன். சுளுக்கு, மூன்று மணிக்கு உருவிவிடுகிற அம்மா வருகிறாள், எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தி இழுத்தால் சரியாகிவிடும், நீ ஷூவை மாற்றிக் கொடு, அதுதான் உன் வேலை என்றாள். உருவக் கூடாது என்றேன். நீ சொல்லி நான் கேட்கணுமா என்றாள்.

கேட்க மாட்டாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். நான் கெஞ்சினால் இன்னும் கேட்க மாட்டாள். ஆறு வருஷம் எனக்கு யானைக்கால் என்று பட்டம் கட்டியவள், என் காலும் வீங்கிவிட்டது என்று என்னிடமா ஒத்துக்கொள்வாள்? அதற்காகத்தான் ஷூ சின்னது என்று ஊரைக் கூட்டியிருக்கிறாள். எனக்கு அது அப்போதுதான் புரிந்தது. அவளை நம்ப வைக்க என்னால் முடியாது. ஆனால் கிளப்பிவிடத் தெரியும், அதில் எனக்கு ஆறு வருஷப் பழக்கம்.

எழுந்து நின்றேன். சூப்பர்வைசரும் கேட்கும்படி குரலை உயர்த்தினேன்.

"ஷூ சரியாத்தான் இருக்கு. உங்க கால்தான் வீங்கிக் கிடக்கு. இல்லேன்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. கால்ல ஒண்ணுமில்லைன்னு அவர் எழுதிட்டா, இதே இடத்துல எல்லார் முன்னாடியும் உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுட்டு வேலையை விட்டுட்டுப் போறேன். தைரியம் இருக்கா?"

அவள் கண்கள் மின்னின. என்னைக் காலில் விழ வைப்பது, வேலையிலிருந்து கிளப்புவது, இரண்டும் ஒரே காகிதத்தில். யார்தான் விடுவார்கள்? இப்பவே போலாம், நீயும் கூட வா, அப்புறம் பேச்சு மாத்துவ என்றாள். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் நான் பையை எடுத்துவிட்டேன்.

டாக்ஸியில் என் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு இழுத்துத் திட்டினாள். நான் அவள் இடது காலை நீட்டி வைக்க இடம் விட்டு, கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். திட்டுகிற வரைக்கும் மூச்சு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில், இரண்டிலும். வலது முப்பத்தைந்து சென்டிமீட்டர், இடது முப்பத்தொன்பது. நீண்ட பயணம் ஏதாவது போனீர்களா என்று கேட்டார். ஸ்கேன் எடுக்க அனுப்பினார். திரும்பி வந்ததும் அவளைச் சக்கர நாற்காலியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தொடை வரைக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கிறது, ஊசி உடனே ஆரம்பிக்க வேண்டும், படுக்கை தயார் செய்கிறோம் என்றார் டாக்டர். அவள் அப்போதும், கால் வீங்கலைன்னு எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"யாராவது இதை அமுக்கி உருவினாங்களா?"

இல்லை, மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தாங்க என்று நான் சொன்னேன்.

"நல்லவேளை. அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருந்தா இங்க கொண்டுவர நேரம் இருந்திருக்காது."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். அவளும் பார்த்தாள்.

வேலை போகவில்லை. சூப்பர்வைசர் ஒரு வாரம் என்னை முறைத்ததோடு சரி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வார்டுக்குப் போனேன். என் கணவர் போகச் சொல்லவில்லை, நானாகப் போனேன். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். இடது கால் இரண்டு தலையணை மேல். தினமும் இரண்டு காலையும் அளந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள், டேப் அங்கேயே இருக்கிறது, நீங்கள் எடுத்துக் கொடுக்க முடியுமா என்று நர்ஸ் கேட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டாள். ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் கைப்பை உட்கார்ந்திருந்தது. நான் நின்றேன்.

கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவள் கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் ஒரு காலை மட்டும் அளந்த?"

கடை வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களை அதுக்கு மேல தொடப் பிடிக்கல," என்றேன்.

"ம். அன்னிக்கே வலி இருந்துச்சு. அதான் மடக்கி வச்சிருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டயா?"

அவள் சொன்னது நியாயம், நான் சொன்னதும் நியாயம், இரண்டும் சேர்ந்து அவளைக் கொன்றிருக்கும். ஆறு நாள், சுடுகிற காலோடு அவள் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள். நான் கீழே நின்று சிரித்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது, அதற்காக அவளைப் பிடித்துப் போய்விடவுமில்லை.

அவள் கையை நீட்டிக் கைப்பையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு. நின்னா உனக்கு வீங்கும். அப்புறம் அதுக்கும் நான்தான் காரணம்ப."

உட்கார்ந்தேன். டேப்பை எடுத்து முதலில் வலது காலை அளந்தேன். பிறகு இடது காலைத் தலையணையிலிருந்து அசைக்காமல், அடியில் டேப்பை மெதுவாக நுழைத்துச் சுற்றினேன். சூடு கொஞ்சம் தணிந்திருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சொல்லேன்," என்றாள். "யானைக்கால்னு. ஆறு வருஷமா அதுக்குத்தானே காத்துட்டிருந்த."

காத்துக்கொண்டுதான் இருந்தேன். மொட்டை மாடி வேண்டாம், இந்த வார்டே போதும். டேப்பில் இருந்த எண்ணை இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன்.

"முப்பத்தெட்டரை," என்றேன். "நேத்துக்கு இன்னிக்கு அரை குறைஞ்சிருக்கு."